சுற்றிப் பார்த்த சொந்தம்

போன மழைக்காலத்தில் ஒருநாள், எங்கள் இரண்டு குடும்பங்களின் உறவுகளையும் கணினியில் படமாகப் போட்டேன். வலைப்பின்னல்களைப் படமாக்குவதுதான் என் வேலை. பண்டசோழநல்லூரில் கணவர் வீட்டிலிருந்தே செய்கிறேன். புதிய முப்பரிமாண மென்பொருளைப் பழக ஏதாவது தேவைப்பட்டது. என் அம்மாவிடமும் மாமியாரிடமும் கேட்டுப் பெயர்களைச் சேர்த்தேன்.

ஆளுக்கொரு புள்ளி, உறவுக்கொரு கோடு. தட்டையாகப் போட்டபோது எல்லாம் சிக்கிய நூலாகக் கிடந்தது. எந்தக் கோடு எதைத் தொடுகிறது, எது வெறுமனே குறுக்கே போகிறது என்று தெரியவில்லை. முப்பரிமாணத்துக்கு மாற்றியும் அதே சிக்கல்தான். மெல்லத் திருப்பிய பிறகுதான் கிட்டே இருந்த புள்ளிகள் வேகமாகவும் தூரத்துப் புள்ளிகள் மெதுவாகவும் நகர, கொத்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் பிறந்த வீடு, மறுபக்கம் புகுந்த வீடு. நடுவே எங்கள் கல்யாணக் கோடு. அதற்குப் பின்னால் இன்னொரு கோடு!

எங்களுடையது அந்நியச் சம்பந்தம் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். மாமியாரைக் கூப்பிட்டேன்.

"இன்னாடி இது, ராட்டினமாட்டம் சுத்துது? ஒரு பேரும் படிக்க முடியல. நிறுத்து."

நிறுத்தினால் ஆழம் போய்விடுகிறது. சுற்றினால் பெயர் போய்விடுகிறது. அந்தக் கோட்டில் இருந்தவர்களை மட்டும் எடுத்துத் தட்டையாகப் போட்டேன். கரையாம்புத்தூரில் பிறந்த அக்கா, தங்கை இருவர். அக்காவின் மகள் வயிற்றுப் பேத்தி மாமியார். தங்கையின் மகள் வயிற்றுப் பேத்தி நான். அந்த அக்காவின் பெயரை இரண்டு வீட்டாரும் தனித்தனியே சொல்லியிருக்க, மென்பொருள் ஒரே ஆளாக்கியிருந்தது.

அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாமே என்று, மாமியாருடைய பாட்டியின் பெயரையும் ஊரையும் சொல்லி அம்மாவிடம் போனில் கேட்டேன்.

"எங்கம்மாவோட அக்காதான்," என்றார் அம்மா. "ஏதோ சண்டையில போக்குவரத்தே வுட்டுப்போச்சு. ஏன் கேக்கற?"

மாமியார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீ எனக்குத் தங்கச்சி ஆவுற."

எட்டிப் பார்த்த என் கணவரின் முகம் மாறியது. "அப்போ எனக்குச் சித்தியா?"

மாமியார்தான் முதலில் சிரித்தார்.

"ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனிமே இன்னாத்த மாத்தறது? போடா."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தச் சுத்தற படத்த மறுபடி போடு. எங்கப்பா பக்கம் திருப்பு. அங்க இன்னா இருக்குதுன்னு பாக்கலாம்."