மிளகு கிடந்த தனியறை

கால்நடை மருத்துவமனையில் வேலை என்றால் நாய்க்குட்டிகளைக் கொஞ்சுவது என்றொரு கருத்து மனித குலத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. முழுப் பொறுப்புணர்வோடு மறுக்கிறேன்: வேலை, துடைப்பது. கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்த என் இனத்தாருக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

2014 கோடையில், மனுரேவாவில் நான் நர்ஸாக இருந்த இடத்துக்கு மிளகு வந்தான். கறுப்புக் குட்டி. பார்வோ வைரஸ். வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக உடம்பு வற்றிவிடும். பல குட்டிகள் பிழைப்பதில்லை. மற்ற நாய்களுக்கும் தொற்றும் என்பதால் தனியறை.

வெளியே விடவில்லை

மிளகின் சொந்தக்காரர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர். ஈஸ்ட் டாமாக்கியில் கிடங்கு வேலை. இரண்டாவது தடுப்பூசி போடும்வரை குட்டியை வெளியே கொண்டுபோக வேண்டாமென்று சொல்லியிருந்தோமே என்றேன். மனிதர் நொந்துபோனார். "வெளியில எங்க தம்பி விட்டனாங்கள்? பால் வாங்க டெய்ரிக்கு, மகளைக் கூப்பிடப் பள்ளிக்கு, பின்னேரம் பார்க்குக்கு. அவ்வளவுதான்!"

செருப்பு

தனியறை வாசலில் கிருமி சாக பிளீச் கலந்த தண்ணீர்த் தட்டு இருக்கும். செருப்புக் காலோடு அதில் மிதித்துத்தான் உள்ளே வரவேண்டும், வெளியேறவும் வேண்டும். சிவநேசனின் மனைவி செருப்பை வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, தட்டைத் தாண்டி, வெறுங்காலோடு வந்து நின்றார். திரும்பப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். அசையாமல் கிடந்த மிளகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உயிருக்குப் போராடுற பிள்ளை கிடக்கிற இடத்துக்குள்ள செருப்போட எப்பிடித் தம்பி வாறது?"

மூன்றாவது குழாய்

மிளகு தலையைத் தூக்கவில்லை. துடைத்தேன், டிரிப் பாட்டில் மாற்றினேன், மறுபடி துடைத்தேன். அவன் பிழைப்பானா என்று யாராவது கேட்டால் ஆமென்று சொல்வதை நிறுத்தியிருந்தேன். அப்புறம் ஒரு மத்தியானம் பார்த்தால் டிரிப் குழாய் துண்டாகிக் கிடக்கிறது. வேறு மாட்டினேன். அதுவும் போயிற்று. மூன்றாவதையும் கடித்தபோது நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. என்னோடு வேலை பார்த்த மலேசியாக்காரி ரோஸி எட்டிப் பார்த்தாள். "திட்டாத லா. இன்னிக்குத்தான் அவனுக்குப் பல்லு இருக்குன்னு ஞாபகம் வந்திருக்கு."

காவல்

வீட்டுக்குப் போகும் நாள். மிளகு சாப்பாட்டுத் தட்டை நக்கிப் பளபளப்பாக்கி, குளித்து, சிவநேசனின் மடியில் உட்கார்ந்திருந்தான். நான் தனியறையில் எப்போதும் போட்டிருந்த அங்கியும் முகக்கவசமும் கழற்றி, குளித்து, வேறு உடையில் வந்தேன். அப்படி அவன் என்னைப் பார்த்ததேயில்லை. முதுகு மயிர் சிலிர்க்கக் குரைத்தான். சிவநேசனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களே தம்பி! முன்பின் தெரியாத ஆக்களைக் கிட்ட விடான்!"

முகக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டுதான் அவனைக் காரில் ஏற்றினேன்.