ஹமியெத்தின் பெருநாள் தாம்பாளம்

என் ஓரகத்தி ஹமியெத்துக்குக் காலைச் சாப்பாடு விளையாட்டுக் காரியம் கிடையாது. மதியம் சூப்பும் ரொட்டியும் இருந்தால் போதும், ராத்திரி மிச்சம் மீதி போதும், ஆனால் காலையில் தாம்பாளம் நிறைந்திருக்க வேண்டும். எங்கள் ரிஸே மலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றாலும் அவள் ஒரு படி மேலே. ஆலிவ் இரண்டு விதம், சீஸ் மூன்று விதம், தக்காளி, வெள்ளரி, தேன், கெட்டிப் பாலாடை, அவளே கிளறிய காட்டு ரோஜாப் பழ ஜாம், சோள ரொட்டி, நடுவில் செம்புச் சட்டியில் முஹ்லாமா. வெண்ணெயில் சோளமாவை வறுத்து, தண்ணீர் விட்டு, சீஸைப் போட்டு உருக்குவதுதான் முஹ்லாமா. சொல்வதற்கு இவ்வளவுதான். இறக்கிய கையோடு சாப்பிட்டால் சீஸ் நூலாக இழுபடும், பத்து நிமிஷம் தாண்டினால் செருப்புத் தோல்.

பத்தொன்பது வயதில் மேல் கிராமத்திலிருந்து ருஸ்தெம் மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மச்சான் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். தேயிலைக் காலத்தில் காலை முதல் மாலை வரை சரிவில் நின்று கத்திரி பிடித்து அவள் கையெல்லாம் காய்ப்பு. முப்பது வருடத்தில் புருஷனை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அது எரிச்சலாகவே இருக்கும். சாஃபினாஸ் வாய்க்குப் பூட்டு இல்லை என்று ஊரே சொல்லும், அந்த சாஃபினாஸ் நான்தான்.

நாலு வருடத்துக்கு முன் அவள் ஒரே மகள் செவ்ஜான், அப்பா வாக்குக் கொடுத்திருந்த மாப்பிள்ளையை வேண்டாமென்று, பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன் ஒக்தாயோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். ஒக்தாய் பஸ் டிரைவர். கெட்ட பையன் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊர் முன்னால் கொடுத்த வாக்கு போயிற்றே! மச்சான் ஆறு மாதம் பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நின்று தொழுதார். "அவ இந்த வீட்டு வாசப்படி மிதிச்சா, அன்னைக்கே நான் இந்த வீட்டுல ரொட்டி தொடறதை விட்டுடுவேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதன் பிறகு மகள் பெயரையே அவர் எடுக்கவில்லை.

ஹமியெத் என்ன செய்தாள் தெரியுமா? தினமும் ஒன்பது மணிக்கு, மச்சான் தோட்டத்துக்குப் போனதும், ரொட்டி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவாள். அந்தப் பக்கம் ட்ராப்ஸோன் நகரத்தில் மகள் தன் தட்டோடு உட்காருவாள். அம்மாவும் மகளும் போனில் முகம் பார்த்தபடி காலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். "முட்டை மட்டுமா? ஏன்டி, அந்த ஊர்ல சீஸுக்குப் பஞ்சமா?" என்று இவள் திட்டுவது என் வீட்டுச் சமையலறை வரை கேட்கும். இந்தக் கூத்து நாலு வருடம் நடந்தது.

இந்த நோன்பு மாதத்தில் மகள் ஒரு சேதி சொன்னாள். ஒக்தாய்க்கு ஜெர்மனியில் வேலை. பெருநாள் முடிந்து ஒன்பதாம் நாள் விமானம். "எப்ப திரும்புவோம்னு தெரியாதும்மா. பெருநாள் காலையில ஒரு தடவை அப்பா கையில முத்தம் குடுத்து, நம்ம தாம்பாளத்துல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயிடறேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன்" என்றாள். ஹமியெத் மூன்று நாள் யோசித்துவிட்டு, வா என்றாள்.

பெருநாள் விடிந்தது. ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போனதும் நான் அவள் வீட்டுக்கு ஓடினேன். செவ்ஜான் ஏற்கெனவே வந்து சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "சித்தி!" என்று கட்டிக்கொண்டாள், கத்தியைக்கூடக் கீழே வைக்காமல்.

"முதுகுல குத்திடாதடி. எங்க உன் வீட்டுக்காரன்?"

"இறக்கி விட்டுட்டுத் தொழப் போயிருக்கார்."

ஹமியெத்தின் கையிலிருந்த கரண்டி நின்றது. "எந்தப் பள்ளிக்கு?"

"நம்ம பள்ளிக்குத்தாம்மா. பெருநாள் தொழுகையை விட முடியாதுன்னார். இங்க வேற பள்ளி எங்க இருக்கு?"

"அடப்பாவி!" என்றேன் நான். ஹமியெத் பக்கத்திலிருந்த மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் என்று சொல்கிறேன். தொழுகை முடிந்ததும் பள்ளி முற்றத்தில் ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருத்தர் விடாமல் எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். பகையாளியாக இருந்தாலும் அந்த வரிசையில் ஒருத்தனைத் தாண்டிப் போக முடியாது. தாண்டினால் ஊர் முன்னால் அவமானம், தாண்டாவிட்டால் சமாதானம் ஆனதாக அர்த்தம். ஹமியெத் போட்டிருந்த திட்டமோ வேறு. மச்சான் வந்து உட்கார்ந்து, சூடாக நாலு வாய் சாப்பிட்டு, இரண்டு டம்ளர் டீ உள்ளே போனதும் மகளை மெல்ல வெளியே அழைப்பது. முப்பது நாள் நோன்புக்குப் பிறகு வரும் முதல் காலைச் சாப்பாட்டில் எந்த மனுஷனும் கொஞ்சம் இளகுவான் என்று கணக்குப் போட்டிருந்தாள். இப்போது அந்தத் தடியன் முற்றத்தில் போய் நிற்கிறான்!

"முஹ்லாமா வைக்கிறேன். தொழுகை முடியற நேரம்" என்று ஹமியெத் எழுந்தாள். மாவு வெண்ணெயில் சிவந்தது, சீஸ் உருகியது, நெய் மேலே மிதந்தது. நான் தாம்பாளத்தைக் கூடத்தில் வைத்து எல்லாவற்றையும் அடுக்கினேன். செவ்ஜானைச் சாமான் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். மலைப்பாதையில் ஆண்கள் சிரிப்பும் சத்தமும் கேட்டன. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், மேல் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மச்சானைக் காணோம்.

முஹ்லாமாவின் மேலே ஏடு கட்டியது. ஹமியெத் ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் முஹர்ரெம் மூச்சிரைக்க உள்ளே வந்தார். பெருநாள் வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

"அண்ணன் அவனைக் கட்டிப்பிடிச்சுட்டார்!"

"யாரை?"

"ஒக்தாயை! வரிசையில நின்னான், தாடியெல்லாம் வெச்சுக்கிட்டு. அண்ணன் அவனை நேர்ல எப்பப் பார்த்தார்? யாரோ வெளியூர்ப் பையன்னு நெனச்சுட்டார் போல. இறுக்கிக் கட்டிப்பிடிச்சு, பெருநாள் வாழ்த்துகள் மகனேன்னு சொல்லிட்டார். ஊரே பார்த்துச்சு. அப்புறம் ஆளாளுக்கு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நல்ல காரியம் பண்ணினே ருஸ்தெம், பெரிய மனசுய்யா உனக்குன்னு சொல்றாங்க. அவர் மூஞ்சி செத்துப்போச்சு."

"இப்ப எங்க இருக்கார்?" என்றாள் ஹமியெத்.

"பள்ளிக் குழாயடியில உக்காந்திருக்கார். ஒரு செருப்பு கால்ல, ஒண்ணு கையில. வாங்கண்ணேன்னேன். நீ போன்னார்."

"உங்களை யாரு விட்டுட்டு வரச் சொன்னது? பக்கத்துல நிக்க வேண்டியதுதானே!" என்று நான் பாய்ந்தேன்.

"நீ வந்து நின்னு பாரு, தெரியும்!"

மச்சானுக்கு ஊர்தான் உயிர். வாக்குத் தவறியவன் என்ற பேரையே நாலு வருடம் சுமந்தவர். இப்போது தன்னைத் தந்திரமாகக் கட்டிப்பிடிக்க வைத்துவிட்டார்கள் என்று நினைத்தால்? அதற்குப் பின்னால் பெண்டாட்டியின் கை இருக்கிறது என்று நினைத்தால்? வீட்டுக்குள் வந்து மகளைப் பார்த்தால் அவ்வளவுதான். ஒன்பது நாளில் அவள் போய்விடுவாள், இந்தக் கதவு அதோடு மூடிவிடும்.

"அக்கா, அவளைப் பின்வாசல் வழியா அனுப்பிடலாம். இன்னைக்கு வேண்டாம்" என்றேன்.

ஹமியெத், தோலாகிப்போன முஹ்லாமாவைக் கோழிக்குக் கொட்டினாள். மிச்சமிருந்த சீஸை எடுத்தாள். இன்னும் ஒரே ஒரு சட்டிக்குத்தான் வரும். மறுபடி வெண்ணெயை உருக்கினாள். கண்ணீர் தாடை வரை வந்து நின்றது. துடைக்கவும் இல்லை.

இரண்டாவது சட்டியை இறக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம்.

மச்சான் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. வழக்கப்படி தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முஹர்ரெம் போய்க் கையை முத்தமிட்டார், பிறகு நான், பிறகு ஹமியெத். கை ஐஸ் மாதிரி இருந்தது. ஹமியெத் சட்டியை நடுவில் வைத்தாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம்.

எங்கள் வீடுகளில் பெரியவர் ரொட்டியைப் பிட்டு முதல் வாயைச் சட்டியில் தொட்டு எடுக்காமல் யாரும் கை நீட்ட மாட்டோம். மச்சான் ரொட்டியைத் தொடவில்லை. முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி குறைந்துகொண்டே வந்தது.

"அண்ணே, ஆறுது" என்றார் முஹர்ரெம்.

சாமான் அறைப் பக்கம் எதுவோ லேசாக நகர்ந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. பூனை, பூனை என்று சொல்ல வாயெடுத்தேன், இந்த வாய்க்கு அன்றைக்கென்று பார்த்துச் சத்தம் வரவில்லை.

"என்னங்க, உப்பு ஏதாவது..." என்றாள் ஹமியெத்.

"ஆள் குறையுது" என்றார் மச்சான்.

முஹர்ரெம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள நிக்கிறவளை வரச் சொல்லு. முஹர்ரெம், நீ கீழ் ரோட்டுக்குப் போ. அந்தப் பையன் காருக்குள்ள உக்காந்திருக்கான். பெருநாள் அதுவுமா வெறும் வயித்தோட."

முஹர்ரெம் எழுந்து ஓடினார். கதவு தானாகத் திறந்தது. செவ்ஜான் நாலு எட்டில் வந்து அப்பா கையைப் பிடித்து முத்தமிட்டு நெற்றியில் வைத்தாள், வைத்தவள் எடுக்கவே இல்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மற்றக் கையை அவள் தலையில் வைத்தார். நான் ஓவென்று அழுதேன், வெட்கமில்லாமல்.

ஹமியெத் மட்டும் அழவில்லை. "யாருன்னு தெரிஞ்சேவா அவனைக் கட்டிப்பிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"தாடி வெச்சா கண்ணு மாறிடுமா?" என்றார் மச்சான், அவள் முகத்தைப் பார்க்காமல். "உன் பெட்டியில துணிக்கு அடியில அவங்க கல்யாணப் போட்டோ வெச்சிருக்கியே. நீ தோட்டத்துக்குப் போற அன்னைக்கெல்லாம் எடுத்துப் பார்ப்பேன்."

"எப்பலேருந்து?"

"முதல் வருஷத்துலேருந்து."

நான் சந்தோஷத்தில் மச்சான் காலைக் கட்டிக்கொள்வேன் போல இருந்தேன். ஹமியெத்தின் முகமோ சிவந்துகொண்டே போனது. அவள் எழுந்து நின்றாள்.

"பார்த்துட்டுத் திரும்ப மடிச்சு வெச்சீங்க. நான் திருடி மாதிரி ரொட்டி டப்பாவுல போனைச் சாய்ச்சு வெச்சு எம் பொண்ணோட சாப்பிட்டேன். எப்ப செருப்புச் சத்தம் கேக்கும், எப்ப கேக்கும்னு ஒரு வாய்கூட நிம்மதியா இறங்கலை. நாலு வருஷம். எத்தனை காலைன்னு தெரியுமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்கிட்ட வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, ஹமியெத்."

"தெரியலையாம்! இப்ப இவ கப்பல் ஏறற நேரத்துல தெரிஞ்சிடுச்சாக்கும்!"

விமானம் என்று திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. வாசலில் ஒக்தாய் வந்து நின்றான், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல். மச்சான் தலை குனிந்தபடி ரொட்டியை எடுக்கக் கை நீட்டினார்.

ஹமியெத் அதற்கு முன் எடுத்துவிட்டாள். தன் காய்ப்புக் காய்த்த கையால் ரொட்டியைப் பிட்டாள், சட்டியில் ஆழமாகத் தொட்டாள், சீஸ் இழுபட இழுபடக் கொண்டுபோய் மகள் வாயில் வைத்தாள். அடுத்த துண்டைப் பிட்டுத் தன் வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள். மூன்றாவதைத் தொட்டு, வாசலைப் பார்த்து, "ஏன்டா நிக்கிறே, வந்து உக்காரு" என்றாள்.

மச்சான் நீட்டிய கையை மடக்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார்.