மதகில் இறங்கிய விண்கலம்

அப்துல் சத்தாருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே உடம்பு வலிக்க ஆரம்பித்துவிடும். மற்ற நாளெல்லாம் பட்டுச் சேலைக்கு அட்டைப் பெட்டி செய்கிற பட்டறையில் நின்றே பொழுதைக் கழிக்கிறவர். அங்கே வராத வலி, ஞாயிறு காலையில் வேன் டிரைவருக்குப் போன் போடும்போது முழங்காலில் தொடங்கி இடுப்புக்கு ஏறும். அவர் மனைவி ஃபரீதா அதற்கு விண்கலம் நோவு என்று பெயர் வைத்திருந்தாள்.

விண்கலம் என்பது அவர் செயலாளராக இருக்கிற வாசகர் வட்டம். வேற்றுக் கிரகம், காலப் பயணம், எந்திர மனிதன் என்று வருகிற கதைகளை விழுந்து விழுந்து படித்துவிட்டு, அதைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் கிடைக்காதவர்கள் சேர்ந்து உண்டாக்கியது. கோயிலுக்கும் பட்டுக்கும் பேர்போன காஞ்சிபுரத்தில் இப்படி ஒரு கூட்டம் இருப்பது பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. மாதம் ஒரு முறை பட்டறை மாடியில் கூடுவார்கள். பேச்சு சலித்தால் எங்காவது கிளம்புவார்கள். கிரகணம் என்றால் கடற்கரைக்கு, சும்மா என்றால் தென்னேரிக்கரைக்கு. இதற்கு நடுவே ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று யாரோ சொல்லப்போக, ரத்த தானம், அரசுப் பள்ளிகளில் கதை சொல்வது, கருட சேவை அன்று நீர்மோர் கொடுப்பது என்று வேலை வளர்ந்துகொண்டே போனது. மோர் கொடுக்கிறவர்கள் சேலைப் பெட்டி அட்டையில் செய்த எந்திர மனிதத் தலையை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். பெரியவர்கள் வாங்கிக் குடிப்பார்கள், குழந்தைகள் அலறும்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக இத்தனையும் சத்தார் தலையில். வேன் பிடிப்பது அவர், புளிசாதம் சொல்வது அவர், பேனர் கட்டுவது அவர், மழை வந்தால் திட்டு வாங்குவதும் அவர். "சூப்பர் பாய்" என்று சொல்ல மட்டும் ஆள் நிறைய இருந்தது.

ஒப்படைத்துவிட்டு ஒதுங்கலாம் என்று அவர் பார்க்காமல் இல்லை. போன வைகாசியில் மோர்ப் பந்தலை தீபிகாவிடம் விட்டார். வங்கியில் வேலை செய்கிற பெண், கணக்காகத்தான் இருப்பாள். ஆனால் தயிர் நேரத்துக்கு வந்து சேருமா என்ற கவலையில் விடியும் முன்பே இவரே பால்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். தீபிகா பந்தலுக்கு வந்தபோது மோர் கலக்கி, கொத்தமல்லி தூவி, எல்லாம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின வருஷம் பள்ளிக்கூட நிகழ்ச்சியை அந்தோணியிடம் கொடுத்தார். அந்தோணி ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடத்து உதவியாளர். தலைமையாசிரியரைப் பார்க்க அவன் ஒரு நாள் தாமதித்தான், அந்த ஒரு நாளைக்குள் இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். யாரை நம்பி எதை விடுவது என்று ஃபரீதாவிடம் வந்து அலுத்துக்கொள்வார். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, விடுகிற மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளச் சொல்வாள். அவருக்கு அது புரிந்ததில்லை, புரிந்துகொள்கிற தெம்பும் இல்லை.

இந்தத் தை மாதம் உடம்பு உண்மையாகவே கையை விரித்துவிட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை. படிக்கலாம் என்று புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தில் கண் சொருகியது. எந்தக் கதைகளுக்காக வட்டம் தொடங்கினாரோ அந்தக் கதைகளையே படித்து வருஷக்கணக்காகிவிட்டது என்பது ஒரு நாள் சட்டென்று உறைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது. ஒரே ஒரு சுற்றுலா, ஒரே ஒரு பொதுப்பணி, அதோடு சரி என்று முடிவு கட்டினார்.

அந்த ஒன்று, தாமலுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சின்ன ஏரியில் குப்பை அள்ளுவது. வேன் கிளம்பியதும் சத்தார் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு சாயங்காலத்தோடு தான் செயலாளர் இல்லை, இனி குருதான் என்று அறிவித்தார். குரு செவிலிமேட்டிலிருந்து தினமும் சென்னைக்குப் போய்வருகிற கம்ப்யூட்டர் பையன். முப்பது வயதிருக்கும், வட்டத்தில் சேர்ந்து நாலைந்து வருஷம். தலையாட்டிச் சரி என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். சத்தார் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு, புளிசாதத்துக்கு வத்தல் எடுத்து வைத்தாயா என்று அவனைக் கேட்டார். பின் சீட்டில் இருக்கிறது என்றான். நம்பிக்கை இல்லாமல் திரும்பிப் பார்த்தார், இருந்தது.

விண்கலத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. இறங்கும் விதி என்று அதற்குப் பெயர். எங்கே போனாலும் முதல் ஒரு மணி நேரம் இவர்கள் வேறு கிரகத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியவர்கள். அங்கே இருக்கிற யாரிடமும் பேசக் கூடாது, எதையும் கலைக்கக் கூடாது, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் யாராவது கை காட்டினால் வலது உள்ளங்கையை உயர்த்திப் பதில் வணக்கம் செய்யலாம். விதியைக் கண்டுபிடித்தவர் சத்தார்தான், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. பொதுப்பணி என்று வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. கலைக்காமல் எப்படிக் குப்பை அள்ளுவது? குப்பை எந்தக் கிரகத்திலும் குப்பைதான், அதைத் தொடலாம் என்று அவரே தீர்ப்பும் சொல்லியிருந்தார்.

ஏரி நிறைந்து கிடந்தது. வேனிலிருந்து இறங்கியவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, கரை நெடுகப் பரவினார்கள். பிளாஸ்டிக் டம்ளர், செருப்பு, பாட்டில் என்று சாக்கு நிரம்பியது. மதகுப் பக்கம் போன அந்தோணி திடீரென்று கையை ஆட்டிக் கூப்பிட்டான். சத்தார் நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தார். மதகின் வாயில் உர மூட்டைச் சாக்கும் பழைய புடவையும் வைக்கோலும் சேறுமாக, ஒரு மாட்டைப் படுக்க வைத்த அளவுக்குக் குப்பை அடைத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் விண்கலம் இவ்வளவு பெரிய குப்பையைக் கண்டதில்லை. கடைசி நாளில் இப்படி ஒன்று வாய்த்ததே என்று சத்தாருக்குப் பூரித்துப் போயிற்று.

கொக்கியை மாட்டிக் கயிற்றை ஐந்து பேர் இழுத்தார்கள். முதல் ஆள் சத்தார். மூன்றாவது இழுப்பில் அடைப்பு மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. அடைபட்ட வாய்க்காலைத் திறந்துவிட்டோம் என்று எல்லோரும் சத்தமில்லாமல் கைதட்டினார்கள்.

வாய்க்காலுக்கு அப்பால் வரப்பில் ஒரு அம்மாள் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னவோ கத்தினாள், எதிர்க்காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. சத்தார் வலது உள்ளங்கையை உயர்த்தினார். கரையில் இருந்த அத்தனை பேரும் வரிசையாக உயர்த்தினார்கள். அம்மாள் இன்னும் வேகமாக ஆட்டினாள். இவர்கள் புன்னகையோடு இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள். தீபிகா அதை வீடியோவும் எடுத்தாள். அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவளோடு பத்துப் பேர் இருந்தார்கள். முன்னால் வந்தவன் அவள் மகன் பழனி.

"நான் தொண்ட கிழிய கத்திக்கினு இருக்கறேன், நீங்க கைய தூக்கி ஆசீர்வாதம் பண்றீங்களா?" என்றாள் அந்த அம்மாள். பொன்னியம்மாள் என்று பேர். மூச்சு வாங்கியது அவளுக்கு.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மதகுப் பலகை பழசாகி உடைந்து போயிருந்தது. புதுப் பலகை வருகிறவரைக்கும் ஏரித் தண்ணீர் ஓடிவிடாமல் இருக்க, ஊர்க்காரர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிச் சாக்கும் வைக்கோலும் வைத்து அடைத்திருந்தார்கள். அறுவடைவரை நவரைப் பட்டத்து நெல்லுக்கு இருக்கிற தண்ணீர் இது ஒன்றுதான். அது இப்போது யாருக்கும் பிரயோசனமில்லாமல் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. பேசக் கூடாது என்று ஒரு விதி இல்லாமல் இருந்திருந்தால், இது என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். சத்தாருக்கு வெட்கம் என்றால் வெட்கம், அந்தத் தண்ணீரோடு தானும் போய்விடலாம் போல இருந்தது.

"இதுக்கெல்லாம் பெரியவரு யாருபா உங்கள்ல?" என்று கேட்டான் பழனி.

எல்லார் கண்ணும் ஒரு கணம் தடுமாறியது. வேனில் கைதட்டியது எல்லோருக்கும் நினைவிருந்தது. சத்தார் குருவைப் பார்த்தார். குரு தொண்டையைச் செருமினான். பாவம், பையன் பயந்துவிட்டான் என்று பட்டது அவருக்கு.

"நான்தான்" என்றார் சத்தார்.

பழனி அவரை அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் வாய்க்கு வந்ததைத் திட்டினான், சத்தார் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தான்.

அடைப்பது பிடுங்குவதைப் போலச் சுலபமில்லை. சாக்கில் மண் நிரப்பி, கட்டி, கரை மேல் தூக்கிப் போய், தண்ணீரில் நிற்கிறவர்கள் கையில் கொடுக்க வேண்டும். வைக்கிற சாக்கைத் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு போனது. மதியம் ஆனதும் வேன்காரர் வேறு சவாரி இருக்கிறது என்றார். குழந்தைக்கு நாளைக்குப் பரீட்சை என்று ஒருவர், மாமியார் ஊரிலிருந்து வருகிறார் என்று ஒருவர், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். பாதிப் பேருக்கு மேல் போய்விட்டார்கள். சத்தார் யாரையும் தடுக்கவில்லை. குருவும் தீபிகாவும் அந்தோணியும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். குரு சட்டையைக் கழற்றிவிட்டுப் பழனியோடு தண்ணீரில் இறங்கினான். சத்தார் மண்ணை வெட்டி வெட்டிப் போட்டார். முழங்காலில் எலும்பு எலும்போடு உரசுவது அவருக்குத் தெரிந்தது. இன்றைக்கு இறக்கி வைக்கலாம் என்றுதானே வந்தோம், வாயைத் திறந்து மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டோமே என்று ஒவ்வொரு வெட்டுக்கும் மனசு அரற்றியது. வேறு யார் இருக்கிறார்கள் என்று அதற்கு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

வெயில் சாயும் நேரத்தில் தண்ணீர் நின்றது. பொன்னியம்மாள் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள். கோபம் அவளுக்கு முழுசாகத் தீரவில்லை, டம்ளரை வைக்கிற வைப்பில் தெரிந்தது. ஆனாலும் சர்க்கரை தாராளமாகப் போட்டிருந்தாள்.

குரு ஈரத்தோடு வந்து சத்தார் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாய், ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. அவரு பெரியவரு யாருன்னு கேட்டப்ப நான் பதில் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்க முந்திக்கினீங்க."

சத்தார் திரும்பிப் பார்த்தார்.

"எப்பவும் முந்திக்கிறீங்க பாய். எங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. வர்றதுக்கு நீங்க விட்டாத்தானே?"

சத்தாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன்னைக் காப்பாற்றப் போய்த்தானடா இந்த இடுப்பு ஒடிந்தது என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல நிமிர்ந்தபோது எதிரே தீபிகா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அந்தோணி வேறு பக்கம் பார்த்தான். குரு சொன்னது அவர்கள் இரண்டு பேருக்கும் புதிதாக இல்லை என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. பால்காரர் வீட்டு வாசலில் தான் விடியற்காலையில் நின்ற கோலம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு தீபிகா பந்தலில் வந்து நின்று, செய்ய ஒன்றும் இல்லாமல், அட்டைத் தலையை மாட்டிக்கொண்டு ஓரமாகப் போனதும் நினைவுக்கு வந்தது. அப்போது அவள் முகம் அவர் கண்ணில் படவே இல்லை. பன்னிரண்டு வருஷத்து அலுப்பில் யாரும் தூக்கி வைக்காமல் தானே ஏற்றிக்கொண்ட பாரம் எவ்வளவு என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

பழனி கை கழுவிக்கொண்டு வந்தான். ஓரத்தில் கசிவு மறுபடி வந்தாலும் வரும், வந்தால் கூப்பிடுவேன், நீங்கள் ஆள் அனுப்ப வேண்டும் என்றான்.

"நம்பர் சொல்லுங்க பாய்" என்றான்.

சத்தாருக்கு வாயில் முதல் எண் வந்துவிட்டது. ஒன்பது என்று சொல்லக்கூடச் செய்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். பழனி போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவர் பிறவியில் அத்தனை நீளமான மௌனத்தைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

குரு தன் நம்பரைச் சொன்னான். பழனி அழுத்திப் பார்த்துக்கொண்டான். பேர் என்ன என்று கேட்டுப் பதிந்துகொண்டு, சரி குரு என்று சொல்லிவிட்டுப் போனான்.

விடுதலை என்றால் நிம்மதியாக இருக்கும் என்று சத்தார் நினைத்துக்கொண்டிருந்தார். இது பந்தியிலிருந்து யாரோ எழுப்பிவிட்டதைப் போல இருந்தது. தீபிகா பஸ் எப்போது என்று விசாரிக்கப் போனாள். அந்தோணி மண்வெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனான். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை, எழுந்து செய்ய வேண்டிய வேலையும் எதுவும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.