மின்விசிறிகள் நின்ற தீர்ப்பு

எங்கள் மேல் நீதிமன்றங்களில் மரண தண்டனை விதிப்பதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. விளக்குகளை அணைத்து, மின்விசிறிகளை நிறுத்துவார்கள். எல்லோரும் எழுந்து நிற்க, நீதிபதி தண்டனையை வாசித்துக் கையெழுத்திட்டுப் பேனாவை முறிப்பார். இந்த நாட்டில் யாரையும் தூக்கில் போட்டு எத்தனையோ காலமாகிறது. பேனா மட்டும் முறிந்துகொண்டுதான் இருக்கிறது. திருகோணமலையில் நீதிபதியாக இருந்தபோது நானும் முறித்திருக்கிறேன்.

அப்போது என் முன் ஒரு கொலை வழக்கு நடந்தது. எதிரிக் கூண்டில் நின்ற குற்றஞ்சாட்டப்பட்டவர் இலங்கைத்துறை மீனவர். அவருடைய தாய் ஒவ்வொரு தவணைக்கும் பஸ் ஏறி வந்து கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பார். வேறொருவருக்கு நான் மரண தண்டனை விதித்த நாளிலும் அங்கேதான் இருந்தார். விசிறிகள் நின்றதையும் சனம் எழுந்ததையும் கண்ணால் கண்டவர்.

மகனுடைய தீர்ப்பு நாள் வந்தது. சாட்சியம் தேறவில்லை; விடுதலை என்று எழுதியிருந்தேன். ஆனால் தீர்ப்பில் காரணங்கள் முதலில் வரும், முடிவு கடைசியில். நான் காரணங்களை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. துறைமுகக் கரைப் புழுக்கத்தைச் சொல்லவா வேண்டும்? கறுப்புக் கோட்டை உதறிக்கொண்டு சட்டத்தரணிகள் எழுந்தார்கள். பின்னாலிருந்து ஓர் அலறல். அந்தத் தாய் தரையில் கிடந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகுதான் கடைசிப் பக்கத்தை வாசிக்க முடிந்தது.

ஓய்வுபெற்று உப்புவெளியில் இருக்கிறேன். கரண்ட் போனால் மனைவி மெழுகுவர்த்தி தேடுவாள். நான் அந்த அலறலுக்காகக் காத்திருப்பேன். பயமாகத்தான் இருக்கிறது.

போன வருடம் ஒருநாள் காலை அந்த மகன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, அம்மா என்னை மகனெண்டு ஏற்கிறா இல்லை. மகனைத் தூக்கில போட்டாச்சாம். ஆரோ வழியில போறவனுக்குப் போடுற மாதிரித்தான் எனக்குச் சோறு போடுறா."

"டொக்டரிட்டக் காட்டேல்லையா?"

"காட்டினனாங்கள் ஐயா. ஒண்டும் சரிவரேல்லை. தீர்ப்புச் சொன்ன நீங்கள் வந்து சொன்னா நம்புவா."

நீதிபதி வீடு தேடிப்போய்த் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த மிடுக்கெல்லாம் ஓய்வோடு போயிற்று. அவருடனேயே புறப்பட்டேன்.

தாய் என்னைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார். கதிரையைத் துடைத்து இருக்கச் சொன்னார். மகன் என் பக்கத்தில் நின்றார். இந்த முறை நான் காரணம் எதுவும் சொல்லவில்லை.

"அம்மா, உங்கட மகன் குற்றம் செய்யேல்லை. நான் அவரை விடுதலை செய்தனான்."

அவருடைய கண்கள் நிறைந்தன. பிழைத்தோம் என்று நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மகன் நின்ற பக்கம் திரும்பவேயில்லை.

"ஓம் ஐயா, அவன் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "இதை அவன் உயிரோட இருக்கேக்க சொல்லியிருக்கலாமே."