ஊர் என்ற கட்டத்தில் நான் எழுதியது

நாடு சுதந்திரம் அடைந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன டவுன், பெயர் வேண்டாம். ரயில் பாதைக்குக் கீழே ஒரு பள்ளம், பள்ளத்தில் பதினாறு வீடுகள். தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்டு வேலையிழந்து வந்தவர்கள், ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி தூக்குகிறவர்கள், கடைகளில் கூலிக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பதினாறு வீட்டுக்கும் கடிதம் எழுதுவதும் வாசித்துக் காட்டுவதும் நான்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளத்திலிருந்து டவுனுக்கு ஏற வேண்டுமென்றால் ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மழை தொடங்கிவிட்டால் பாசி பிடித்து வழுக்கும். நாங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எப்படியோ தாண்டிவிடுவோம். பக்கத்து வீட்டு அண்ணனால் மட்டும் முடியாது. ஸ்டேஷனில் பெட்டி அடுக்கு சரிந்து அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். கவட்டுக்கட்டையை ஊன்றிக்கொண்டு அந்த மரத்தின் மேல் எப்படி நடப்பது? ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக நாலு பேர் தண்ணீரில் இறங்கித் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். இரண்டு தடவைக்குப் பிறகு அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

"தோள்ல போறதுக்கு இன்னும் நாள் இருக்குப்பா. உசுரோட இருக்கறப்ப என்னையத் தூக்காதீங்க" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அவர் பள்ளத்தை விட்டு வெளியே வரவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து எங்கள் குடைகளைத் தைத்துக் கொடுப்பார். உடைந்த கம்பியை அவர் மாற்றினால் புதுக் குடை தோற்றுப்போகும். டவுனில் துணிக்கடைக்காரர் ஒருவர், கடை விறாந்தையில் உட்கார்ந்து குடை தைக்க இடம் தருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மழைக்குக் குறைவில்லாத டவுன், தொழிலுக்குப் பஞ்சமே வராது. ஓடையைத் தாண்டினால் போதும், மனுஷன் மறுபடியும் மனுஷனாகிவிடுவார்.

அப்போதுதான் பட்டின சபையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். டவுன் எல்லைக்குள் குடியிருக்கிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து தங்கள் பகுதிக்குப் படியோ, பாலமோ, தண்ணீர் ஓடக் கானோ கட்டிக்கொள்ள முன்வந்தால் சபை மானியம் கொடுக்குமாம். கல்லும் ஆள்வேலையும் எங்களுடையது. சீமெந்தும் கம்பியும் மேசனும் அவர்களுடையது. நான்தான் அதை வாசித்துவிட்டு ஓடி வந்து சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே சங்கம் உண்டாகிவிட்டது. விண்ணப்பப் பத்திரத்தை நிரப்புவது யார் என்று யாரும் கேட்கக்கூட இல்லை.

பத்திரத்தில் நாலு கட்டம். பெயர், வயது, தொழில், ஊர். ஞாயிற்றுக்கிழமை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீட்டுக்காரராக வந்து, முசிறி, துறையூர், மணப்பாறை என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கள் ஆட்களிடம் ஊரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். பிறந்தது, வளர்ந்தது, மாடாக உழைத்தது எல்லாம் இந்த மலையில்தான் இருக்கும். ஊர் மட்டும் பாட்டன் கப்பலேறிய ஊராக இருக்கும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்களில் இரண்டு பேர்கூட இல்லை. குடியிருக்கிற இடம்தான் மேலே விண்ணப்பத்திலேயே இருக்கிறதே என்று நானும் நினைத்தேன்.

அண்ணனின் முறை வந்தபோது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஊரு தெரியாதுங்க தங்கச்சி. நான் கைப்புள்ளயா இருக்கறப்பவே அப்பா போயிட்டாரு. அம்மாவும் சொல்லல."

"அப்ப அந்தக் கட்டத்த வெறுமையா விட்டுரவா?"

"ஐயோ, ஊரு இல்லாதவன்னு எழுதிராதீங்க. எல்லாப் பேரும் பாப்பாங்க."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. என் அப்பாவின் ஊரை அவருக்குப் போட்டேன். குளித்தலை. அவர் அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். "இனிமே நீங்க எங்க சொந்தக்காரவுங்கதான் புள்ள" என்று மதினி சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு அப்போது நெடுநாளாகியிருந்தது.

பத்திரத்தைக் கொடுத்த கையோடு வேலையைத் தொடங்கிவிட்டோம். ஆண்கள் வேலை முடிந்து வந்து கல் சுமந்தார்கள். அண்ணன் சாக்கை விரித்து உட்கார்ந்து சல்லி உடைத்தார். காலையில் தொடங்கினால் வெளிச்சம் போகும்வரை அந்தச் சத்தம் கேட்கும். ஒரு மாதத்தில் ஓடைக்கரையில் இடுப்பளவுக்குச் சல்லி குவிந்துவிட்டது. மதினி அவருடைய ஒரே கோட்டைத் துவைத்துக் காயப்போட்டார், கடை விறாந்தையில் உட்காரப் போகிறவர் இல்லையா?

சபையிலிருந்து பதில் வரவில்லை. போய்க் கேட்டேன். அங்கே இருந்த கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். குறுக்கே சிவப்பு மையில் கோடு.

"இது ஆர் எழுதினது?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். கையெழுத்தைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை.

"பிள்ளை, இதிலை ஊர் எண்டு கேட்டது நீங்கள் இருக்கிற இடத்தை. எனக்கும் ஊர் யாழ்ப்பாணந்தான். ஆனால் இப்பிடிப் பத்திரம் வந்தால் நான் இந்த டவுனைத்தான் எழுதுறனான்."

வேறு பத்திரம் கொடுங்கள், இப்போதே எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். கூட்டத்தில் வாசித்து முடிவெடுத்தாகிவிட்டதாம். பதினாறு வீட்டாரும் தாங்கள் இந்தியக்காரர் என்று தாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்றைக்கோ நாளைக்கோ கப்பலேறப் போகிறவர்களுக்குப் பாலம் எதற்கு என்று ஓர் அங்கத்தவர் கேட்டாராம். யாரும் மறுத்துப் பேசவில்லையாம். எங்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்போது வோட்டும் இல்லை, பிரஜாவுரிமையும் இல்லை. மறுத்துப் பேச அங்கே யாருக்கு என்ன வந்தது? அவர்கள் தேடிக்கொண்டிருந்த சாக்கை என் முத்து முத்தான கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பள்ளத்துக்குத் திரும்பினேன். அண்ணன் சல்லி உடைத்துக்கொண்டிருந்தார். "என்ன தங்கச்சி சொன்னாங்க?" என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்று பொய் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. நாலு நாள் அந்தச் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் போய் அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. கையில் இருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊரு இல்லாதவனுக்கு ஒங்க ஊரக் குடுத்தீங்க. அது ஒரு குத்தமா தங்கச்சி?"

மறுநாளிலிருந்து சுத்தியல் சத்தம் இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. கிளாக்கர் ஐயாவின் உதவியோடு திரும்பவும் விண்ணப்பம் எழுதினேன். பிரஜாவுரிமைச் சான்றிதழ் வைத்திருக்கிறவர்களின் பெயர்களை அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. பதினாறு வீட்டில் ஒரு வீட்டுக்குத்தான் அது இருந்தது. அதோடு சங்கமும் கலைந்துபோயிற்று. துணிக்கடை விறாந்தையில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். மதினி கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

அதற்கு அடுத்த வருஷம் ஆடி மழையில் அண்ணனுக்கு நெஞ்சுச் சளி கண்டது. ஓடை இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போகிறோம் என்று எவ்வளவோ கேட்டோம், சம்மதிக்கவில்லை. கடைசியில் பேச்சு நின்ற பிறகு தூக்கலாமென்று ஆட்கள் கூடினார்கள், அதற்குள் மூச்சும் நின்றுவிட்டது.

பாடையோடு அந்த மரக்கட்டையில் நடக்க முடியாது. தண்ணீரில் இறங்கலாமென்றால் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆண்கள் கொஞ்ச நேரம் கரையில் நின்று பார்த்தார்கள். பிறகு பாசி பிடித்துக் கிடந்த அந்தச் சல்லிக் குவியலைச் சாக்குகளில் அள்ளிக் கட்டி, ஒவ்வொன்றாக ஓடையில் போட்டு மேடாக்கினார்கள். அவர் உடைத்த கல்லின் மேல் கால் வைத்துத்தான் அவரைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். நான் கரையில் நின்று மதினியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னை யார் பிடிப்பது?

இரண்டு நாள் கழித்துச் சாவைப் பதியப் போனோம். பதிவுகாரர் சிங்களவர். பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதிவிட்டு, "கம கொஹெத?" என்று ஊரைக் கேட்டார்.

மதினி என் கையைப் பிடித்தார். "அன்னைக்கிக் குடுத்தீங்களே, ஒங்க ஊரு, அதையே சொல்லுங்க புள்ள. அவருக்கு அது புடிச்சிருந்துச்சு."

குளித்தலை என்று நான் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக ரயில் பாதையும் அதற்குக் கீழே எங்கள் பள்ளத்துப் புகையும் தெரிந்தது. அதைக் கையால் காட்டினேன். பதிவுகாரர் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் அந்தக் கட்டத்தில் டவுனின் பெயரை எழுதி மை ஒற்றினார். ஒரே ஒரு சொல்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு எத்தனையோ பத்திரங்கள் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஊர் என்ற கட்டம் வரும்போதெல்லாம், அந்த ஒரு சொல்லை அவர் உயிரோடு இருந்தபோதே எழுதாமல் போன கை இதுதான் என்று பேனா ஒரு நொடி நின்றுவிடுகிறது.