இரண்டாம் சிகரத்துச் சரிவில்

ஒரே நாளில் மூன்று சிகரம் ஏறலாம் என்று விளம்பரம் வந்ததும் பெயர் கொடுத்தேன். கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். உடம்பு இன்னும் சொன்னபடி கேட்கிறதா என்று பார்க்க ஆசை.

குழுவில் பதினொரு பேர். வழிகாட்டி கோயமுத்தூர்க்காரர்; பாதையைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தார். இரண்டாவது சிகரத்திலிருந்து இறங்கும்போது எனக்கு முன்னால் போன அக்கா ஈரப்புல்லில் வழுக்கி விழுந்தார். திருப்பூரில் டீச்சர், ஐம்பதைத் தாண்டியவர். கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது.

வழிகாட்டி குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா, இங்கயே உக்காந்திருங்க. பின்னாடி நம்ம ஆளுங்க வருவாங்க. நின்னா மூணாவது முடிக்க முடியாதுங்க."

"நாமதானுங்களே கடைசிக் குழு? பின்னால யாருங்க வருவாங்க?" என்றேன்.

"போன் பண்ணிட்டேனுங்க."

அங்கே டவரே கிடையாது. அப்பட்டமான பொய்.

எல்லோரும் கிளம்பினார்கள். நானும் கிளம்பினேன். இதைச் சொல்ல இன்றும் வாய் கூசுகிறது. ஐம்பது அடி போய்த் திரும்பிப் பார்த்தால் அக்கா இல்லை, பனிமூட்டம் மறைத்துவிட்டது. காட்டுமாடு மேயும் சரிவு அது. போன மழைக்காலத்தில்தான் எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணை ஒன்று முட்டித் தூக்கியது.

"நான் வரலைங்க!" என்று கத்தினேன். ஒருவரும் நிற்கவில்லை.

துப்பட்டாவால் காலை இறுகக் கட்டி, தோளில் சாய்த்து அவரை இறக்கினேன். தேயிலைத் தோட்டம் வந்து சேர மூன்று மணி நேரம். அவர் அழவில்லை. "உன்ற மூணாவது போச்சே அம்மிணி" என்றார். அந்த ஆள்மேல் இருந்த ஆத்திரம் அதில் இன்னும் ஏறியது. தோட்டத்துப் பெண்கள் ஜீப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில், எலும்பில் விரிசல் என்றார்கள்.

அவரை அங்கே சேர்த்துவிட்டு நேராக முடிவிடத்துக்குப் போனேன். பதக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் பத்திரமா முடிச்சுட்டோம்" என்று வழிகாட்டி மைக்கில் சொன்னார்.

"எல்லாருமாங்க? காட்டுல ஒருத்தரை விட்டுட்டு வந்தீங்களே, அவங்க யாருங்க?"

"ரிஸ்க் உங்களோடதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்லங்க?"

"விழுந்தா எங்க பொறுப்புன்னுதான் போட்டோம். விட்டுட்டுப் போங்கன்னு யாருங்க போட்டது?"

அவர் மைக்கை அணைத்தார். கூட நடந்த ஒன்பது பேரும் தங்கள் பதக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலையில் என் ஆரஞ்சை வாங்கித் தின்றவர்கள்!

நடந்ததையெல்லாம் மறுநாள் மலையேற்றத்துக்கான வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் என்னை நீக்கினார்கள். மாவுக்கட்டோடு படுத்திருந்த அக்காவையும் நீக்கியிருந்தார்கள். அவர் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை.