ஆறைத் தாண்டாத இடைவெளி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் கணிதம் படித்தேன். கடைசி ஆண்டில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அது தேறினால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் பி.எட்., பள்ளிக்கூட வேலை. நான் எடுத்துக்கொண்டது மிகை எண்கள். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் அந்த எண்ணையே மிஞ்சிவிட வேண்டும். பன்னிரண்டு அப்படி: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு சேர்ந்தால் பதினாறு.

ஒரு மிகை எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஆறைத் தாண்டவே தாண்டாது. இதை எனக்குக் காட்டியது அட்டைப்பெட்டி. எங்கள் பிரிவில் எந்த ஆர்டரானாலும் பெட்டிக்கு ஆறின் மடங்கில்தான் பீஸ். இரண்டு கலர், மூன்று சைஸ், எப்படிக் கேட்டாலும் பிரியும். இருபத்து நான்கில் பாதி பன்னிரண்டு, மூன்றில் ஒரு பங்கு எட்டு, ஆறில் ஒரு பங்கு நான்கு. கூட்டினால் மறுபடி இருபத்து நான்கு. எதையும் வகுக்கும் ‘ஒன்று’ என்ற எண்ணை இன்னும் சேர்க்கவேயில்லை, சேர்த்தால் மிஞ்சிவிடும். ஆறுக்கு மேலே ஆறின் மடங்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆறு ஆறாகத் தாண்டினால் ஒவ்வொரு தாண்டலிலும் ஒரு மிகை எண், அப்புறம் இடைவெளி எப்படி ஆறைத் தாண்டும்? டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

இது எப்போதோ நிரூபிக்கப்பட்டது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதையும் மறைக்காமல் எழுதினேன். முன்னுரையில் மட்டும் ஒரு வரி: ‘இதை நான் முதலில் பேக்கிங் மேசையில் கண்டேன்.’

கட்டுரைக்கான வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் கட்டுரையைப் புரட்டினார்.

“ஏனுங்க, இதை யாரு எழுதிக் குடுத்தாங்க? ஊட்டுக்காரருங்களா?”

என் வீட்டுக்காரர் பனியன் தேய்க்கிற அயர்ன் மாஸ்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுத்தான் அந்த ஆள் என்னை அவமானப்படுத்தினார்.

“நான்தான் சார் எழுதுனேன். எதுல வேணும்னாலும் கேளுங்க.”

“அப்ப ஆறு ஏனுங்க மிகை எண் இல்லை?”

“ஆறுல பாதி மூணு, மூணுல ஒரு பங்கு ரெண்டு, ஆறுல ஒரு பங்கு ஒண்ணு. கூட்டுனா ஆறு. அந்த ஒண்ணைத்தான் எண்ணியாச்சே சார், மறுபடி எங்க போயி எடுக்க?”

அவர் முன்பக்கத்துக்குப் புரட்டினார். முன்னுரையில் விரலை வைத்தார்.

“இந்த வரி வேண்டாமுங்க. பேக்கிங் மேசைன்னு போட்டா படிக்கறவங்க சிரிப்பாங்க. அடிச்சுருங்க, பாஸ் போட்டர்றேன்.” பேனாவையும் நீட்டினார்.

கணக்கில் தப்பு என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பனியனைப் போட்டுக்கொள்ள இவர்களுக்கு வெட்கமில்லை, அதை மடித்த கை யோசித்தது என்றால் மட்டும் சிரிப்பு வருமா? இப்படி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பேனாவை வாங்கினேன்.

பட்டம் வந்தது. பள்ளிக்கூட வேலையும் வந்தது. அந்த ஆளை என்றைக்கோ மன்னித்திருப்பேன். ஆனால் அந்த வரியை அடித்தது என் கை.